ஏலிக்குட்டியின் வாயும் பைலியின் முயலும்

முள்ளன்பாறை பால் சங்கத்தில் காலை ஆறு மணிக்கு ஏலிக்குட்டியின் குரல் கேட்கவில்லையென்றால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக அங்கே பால் அளக்கிறாள். தூக்குப் பாத்திரத்திலிருந்து பாலை ஊற்றி, தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரை விட்டு, குனிந்து பார்ப்பாள். நிமிரும்போது முகத்தைப் பார்த்தே வரிசையில் நிற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள், இன்றைக்கு எவனுக்கோ இருக்கிறது என்று.

"திருடா! இது பாலா, இல்ல உங்க வீட்டுக் கிணறா?"

"ஏலிச்சேச்சி, மழைத்தண்ணி விழுந்திருக்கும்."

"ஜனவரி மாசத்துல, உன் தூக்குக்குள்ள மட்டும் பெய்யுற மழை எதுடா? எனக்கும் கொஞ்சம் காட்டு."

ஊரில் அவளிடம் திருடன் பட்டம் வாங்காத வீடு கிடையாது. கபியார் வீட்டுப் பாலையே ஒருதடவை வாசலில் கொட்டியவள். கோயில் மணி அடிக்கிற மனுஷன் என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னதில் பொய் இருந்ததா என்றால் இல்லை. அதுதான் எல்லோருக்கும் இன்னும் எரிச்சல். முதுகுக்குப் பின்னால் அவளை 'எலிக்குட்டி' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

வயது ஐம்பத்தெட்டு. தனி ஆள். ஒரே மகள் நர்சாகி அயர்லாந்துக்குப் போய்விட்டாள். புருஷன் அவுதா மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கி, பதினோரு மாதம் கட்டிலில் கிடந்து செத்துப்போனான். அந்தப் பதினோரு மாதமும் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "இனி என்ன ஏலி, கர்த்தர் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா அவனுக்கும் நல்லது, உனக்கும் நல்லது." அவன் காது கேட்கக் கேட்கத்தான் சொன்னார்கள். இடுப்புதான் உடைந்திருந்தது, காது நன்றாகவே இருந்தது. முதல் நாலு பேருக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். ஐந்தாவது ஆளைத் துடைப்பத்தோடு துரத்தினாள். அதற்கு முன்பும் கோபக்காரிதான். அதற்குப் பின்னால் அடக்குவதற்கு ஆளில்லை, அவளுக்கு அடங்குகிற எண்ணமும் இல்லை.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு முயல் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். பறித்தாள், வேறென்ன!

பைலி என்று ஒருவன். நாலு மாடும் நூற்றுக்கு மேல் முயலும் வைத்திருப்பவன். சாம்பல் நிறச் சின்சில்லா முயல், கறிக்கு வளர்ப்பது. மலைமேல் இருக்கிற ரிசார்ட்டுகளுக்கு அவன்தான் கொடுக்கிறான். ஒருநாள் காலை ஒரு கையில் பால் தூக்கும் மறு கையில் ஒரு சாக்குமாக வந்து வரிசையில் நின்றான். சாக்கு அசைந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முயல் சத்தம் போடாத பிராணி. அது சத்தம் போட்டால் உயிர் போகிற வலி என்று அர்த்தம்.

"சாக்குல என்ன?" என்றாள் ஏலிக்குட்டி.

"முயலு. கூட்டுக் கம்பி வலையில காலை விட்டு ஒடிச்சுக்கிட்டது. ரிசார்ட் வண்டி வருது, ஏத்தி விடணும்."

"இங்க காட்டு."

பைலி சாக்குக்குள் கையை விட்டு இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்து வெளியே தூக்கினான். பின்னங்கால் ஒன்று தனக்குச் சம்பந்தமில்லாததுபோல் தொங்கியது. இன்னொரு கால் காற்றை உதைத்துக்கொண்டே இருந்தது.

"காதைப் புடிச்சா தூக்குவ? உன் காதைப் புடிச்சு உன்னைத் தூக்கட்டுமாடா?"

"விட்டுரு ஏலி. கால் போச்சு. இனி என்ன, சட்டிக்குப் போனா அதுக்கும் நல்லதுதானே" என்று சிரித்தான் பைலி.

அவன் வாயில் வேறு எந்த வார்த்தை வந்திருந்தாலும் அவள் நாலு வசவோடு விட்டிருப்பாள். 'இனி என்ன' என்றான். 'அதுக்கும் நல்லது' என்றான். ஏலிக்குட்டி லாக்டோமீட்டரை மேஜையில் வைத்துவிட்டு, கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, முயலைப் பறித்துச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏய், என் முயல்!"

"போடா! கசாப்புக்கடைக்காரனுக்கு மனசு இருக்கும், உனக்கு அதுவும் இல்ல."

அன்றைக்குப் பால் அளக்க ஆளில்லை. இருபது பேர் தூக்கோடு பார்த்துக்கொண்டு நிற்க, அவள் ஜீப் பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

அங்கே டாக்டர் ஷைனி நல்ல பெண். எலும்பு தோலைக் கிழிக்கவில்லை, பிழைக்கும் என்றாள். மெல்லிய மூங்கில் பட்டையும் பஞ்சும் வைத்துக் காலைக் கட்டினாள். ஆறு வாரம் சின்னக் கூட்டில் அடைத்து வைக்க வேண்டும், ஓடவோ குதிக்கவோ விடக்கூடாது, ஒருநாள் தின்னாமல் இருந்தாலும் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் ஏலிக்குட்டி தலையாட்டினாள். வெளியே வந்தபோதுதான் வினை வந்தது. ரிஜிஸ்டர் எழுதுகிற ஆள், தலையைத் தூக்காமலே, கேள்விமேல் கேள்வி கேட்டான். பேர் என்ன, வீட்டுப் பேர் என்ன, முயல் ஆணா பெண்ணா, வயசு என்ன, எங்கே வாங்கினது, எப்போது வாங்கினது. முந்தானை முழுக்க முயல் மூத்திரம். பால் சங்கத்தில் இருபது பேர். அவளுக்குப் பொறுமை தீர்ந்துபோனது.

"எங்க வாங்கினதா? காட்டுல கண்ணி வச்சுப் புடிச்சேன்! போதுமா? எழுதிக்கோ!"

அவன் எழுதிக்கொண்டான். அவளும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

முயலுக்கு அவள் பேர் வைக்கவில்லை. 'பிசாசே' என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அந்தப் பிசாசுக்கு நடந்த ராஜ உபசாரத்தை என்ன சொல்ல! கம்பி வலை பட்டால் கால் போய்விடும் என்று, கூட்டின் தரையில் அவுதாவின் பழைய கம்பளியை மடித்துப் போட்டாள். முதல் நாள் பொழுது சாயும்வரை அது எதையும் முகரக்கூட இல்லை. புல் வைத்தாள், கேரட் வைத்தாள், திட்டினாள். கடைசியில் மிளகுக்கொடி படர்ந்திருந்த முள்முருங்கையிலிருந்து இளங்கொழுந்தாகக் கிள்ளி வந்து வைத்தாள். மூக்கு அசைந்தது. ஒரு இலை உள்ளே போனது.

"தின்னு பிசாசே. உனக்காக ஒருத்தி முள்ளு குத்திக்கிட்டு வர்றா. ராணி மாதிரி உக்காந்துருக்க."

தின்ன ஆரம்பித்ததும் அடுத்த வேலையாகக் கால்கட்டைக் கடித்துப் பிய்த்தது. வேப்பிலையை அரைத்துக் கட்டின்மேல் பூசினாள். வலிமருந்து காலையும் மாலையும், ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் விட வேண்டும். நேராக விட்டால் புரையேறும். ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் மூத்திரத்திலேயே உட்கார்ந்துவிடும். தினமும் மூன்றுதரம், ஒரு கை மார்புக்கும் ஒரு கை பின்புறத்துக்கும் கொடுத்துத் தூக்கி, வெந்நீர்த் துணியால் துடைத்து, உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவினாள். ஒரு மயிர்கூட ஒட்டிப்போக விடவில்லை. காலையில் பால் சங்கம், பிறகு முயல், மூன்று மணிக்கு மறுபடி பால் சங்கம், பிறகு மறுபடி முயல். வாய் மட்டும் ஓயவே இல்லை. முயலும் அந்த வசவுக்குப் பழகிப்போய், அவள் கத்திக்கொண்டு படியேறினாலே காதைத் தூக்கியது.

இருபதாவது நாள் வாசலில் காக்கிச்சட்டை வந்து நின்றது. வனக்காவலன், பிரசன்னன் என்று பெயர். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான்.

"சேச்சி, காட்டு முயலைப் புடிச்சு வளர்க்கிறதா ரிப்போர்ட் வந்திருக்கு."

"காட்டு முயலா? உனக்குக் கண்ணு எங்க இருக்கு? உள்ள வந்து பாரு!"

அவன் உள்ளே வந்து பார்த்தான். காட்டு முயலுக்குக் காது இன்னும் நீளம், உடம்பு ஒல்லி, பிடரியில் கறுப்பு. இது வளர்ப்பு முயல் என்று அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அதைச் சொல்லவும் செய்தான்.

"எனக்குத் தெரியுது சேச்சி. ஆனா மாட்டாஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல முயல்னு இருக்கு, காட்டுல கண்ணி வச்சுப் புடிச்சதுன்னு இருக்கு, அடியில உங்க கையெழுத்து இருக்கு. நம்ம பாஷையில காட்டுல ஓடுறதும் முயலு, கூட்டுல கிடக்கிறதும் முயலு. மேல இருக்கிறவங்க காகிதத்தைத்தான் பாப்பாங்க. இல்லைன்னு சொல்லணும்னா, எங்கிருந்து வந்ததோ அந்த ஆள் எழுதிக் கொடுக்கணும்."

"கொடுக்கலைன்னா?"

"எடுத்துட்டுப் போய்க் காட்டுல விடணும். உங்க மேல கேஸும் வரும்."

"கேஸ் வரட்டும், வந்து தொலையட்டும். காலொடிஞ்சத காட்டுல விடுவீங்களா? இருட்டுறதுக்குள்ள நரி தின்னுடும்! ஆனை வந்து ஊருல நிக்குது, அதப் புடிக்க உங்களுக்குத் துப்பில்ல. ஒண்ணரைக் கிலோ முயலைப் புடிக்க காக்கிச்சட்டை மாட்டிக்கிட்டு வந்துட்டான்!"

பிரசன்னன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறேன், அதற்குள் ஆளைப் பிடியுங்கள் என்றுவிட்டுப் போனான்.

ஆளைப் பிடிப்பது என்ன பெரிய காரியம், இருபது பேர் பார்த்ததுதானே என்று அவள் நினைத்தாள். மூன்று மணிக்குப் பால் சங்கத்தில் வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

"பைலிகிட்ட இருந்து நான் முயலப் பறிச்சத எல்லாரும் பாத்தீங்கதானே? நாளைக்கு வந்து சொல்லணும்."

ஒருவன் வானத்தைப் பார்த்தான். ஒருத்தி தூக்கின் மூடியைத் துடைத்தாள். கபியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்குக் கண்ணுல தூசி ஏலி."

"எனக்கு ஞாபகமில்ல சேச்சி. தண்ணி கலந்து கலந்து, மூளையிலயும் தண்ணி சேந்துபோச்சு" என்றான் பின்னால் நின்ற ஒருவன். வரிசை முழுக்கச் சிரித்தது.

ஏலிக்குட்டிக்குக் காதெல்லாம் சூடானது. இருபத்திரண்டு வருடம் ஒரு சொட்டுப் பால் யாருக்கும் குறைத்து எழுதியதில்லை. அதை நினைக்க ஒரு நாய் இல்லை. எல்லோரையும் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, நேரே பைலி வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

"என் கூட்டுல நூத்திப் பதினாலு முயல். நூத்திப் பதினாலும் இருக்கு. ஒண்ணும் குறையல" என்றான், நிமிராமல்.

"பைலி, பொய் சொல்லாதே. காட்டுல கொண்டு விட்டுருவாங்கடா."

"ஊரு முன்னாடி என்னை மனசில்லாதவன்னு சொன்னவ நீ. மனசில்லாதவன்கிட்ட எதுக்கு வந்த?"

அங்கே ஒரு வார்த்தை தணிந்து பேசியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவளுக்கா வரும்? அவன் பாட்டனிலிருந்து ஆரம்பித்துத் திட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். பாதி வழியில் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பிரசன்னன் கம்பிக்கூடு ஒன்றோடு வந்தான். பாவம், அவன் ஊரில் விசாரித்து முயற்சி செய்திருக்கிறான். கூடவே பைலியை அழைத்து வந்திருந்தான். பைலி வருகிறான் என்றதும் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவர்கள் அத்தனை பேரும் காலித் தூக்கோடு பின்னாலேயே வந்து முற்றத்தை நிறைத்தார்கள். முந்தின நாள் கண்ணில் தூசி விழுந்தவர்களுக்கெல்லாம் இன்றைக்குப் பார்வை பளிச்சென்று இருந்தது.

"சேட்டா, நேராவே கேக்கிறேன். இந்த முயல் உங்களுதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் பிரசன்னன்.

பைலி கைகட்டி நின்றான். "சொல்றேன் சாரே. ஆனா ஒரு கண்டிஷன். என் அப்பன் காலத்துல இருந்து இந்தச் சங்கத்துல பால் ஊத்துறோம். என்னைத் திருடன்னு எத்தனை தடவ இவ சொல்லியிருக்கா? அவ எழுதித் தரட்டும், 'பைலியோட முயலை நான் திருடினேன்'னு. அப்ப சொல்றேன்."

"எடுத்தேன்னு எழுதறேன்" என்றாள் ஏலிக்குட்டி.

"எடுக்கிறதுன்னா கோயில் தட்டுல இருந்து நேர்ச்சை அப்பத்த எடுக்கிறது. இது திருட்டு."

"திருட்டுன்னா போலீஸ் கேஸ், அது என் வேலை இல்லை" என்று இழுத்தான் பிரசன்னன். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

முற்றம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. ஏலிக்குட்டிக்கு ரத்தம் கொதித்தது. இந்தத் திருட்டுக் கும்பல் முன்னால் தான் திருடியா! பைலியின் முகத்தில் ஒரு தூக்குப் பாலை ஊற்ற வேண்டும்போல் இருந்தது. உள்ளே கூட்டில் பிசாசு முள்முருங்கை இலையை மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது. இன்னும் மூன்று வாரம். மூன்றே மூன்று வாரம் அந்தக் கால் அசையாமல் இருந்துவிட்டால் போதும்.

"கொண்டாடா பேனாவ!"

எழுதினாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். பைலி அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, எல்லோரும் கேட்க உரக்கப் படித்தான். 'திருடினேன்' என்ற இடத்தை இரண்டு தரம் படித்தான். கூட்டத்தில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, அது அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"என் முயல்தான் சாரே. என் பெரிய பெட்டை போட்டது. பொறந்தப்ப உடம்புல முடியில்ல, கண்ணு திறக்கல, சுண்டெலி மாதிரி செவசெவன்னு கிடந்துச்சு. காட்டு முயல் முடியோட, கண்ணத் தொறந்துக்கிட்டுப் பொறக்கும். எழுதிக்கோங்க."

பிரசன்னனுக்கு நிம்மதி. எழுதி முடித்து, கையெழுத்து வாங்கினான். "அப்போ சரி. கேஸ் இல்ல. உங்க முயல், நீங்க எடுத்துட்டுப் போங்க சேட்டா."

அப்போதுதான் ஏலிக்குட்டிக்கு உறைத்தது. காட்டிலிருந்து காப்பாற்றித் தன் கையாலேயே சட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்! அடக் கர்த்தாவே, இந்தப் பாழாய்ப்போன கோபம் ஒரு நிமிஷம் யோசிக்க விட்டதா!

பைலி உள்ளே போய்க் கூட்டுக்குள் கையை விட்டான். கை காதை நோக்கிப் போனது.

"காதத் தொடாதே! ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்னாடி. கால் தொங்கக் கூடாது. சாயங்காலம் மருந்து, வாயோரமா, நேரா விட்டா செத்துரும். மூணு வேளை துடைக்கணும், வெந்நி, பச்சத்தண்ணி இல்ல. கட்டுல வேப்பிலை காஞ்சா திரும்பப் பூசணும். முள்முருங்கை கொழுந்துதான் தின்னும், முத்தின இலையைத் தொடாது. கேக்குதாடா உனக்கு?" அவள் குரல் தெருவரைக்கும் போயிற்று. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்ற பயத்தில்தான் கத்திக்கொண்டே இருந்தாள்.

அவள் சொன்னபடியே தூக்கினான் பைலி. கட்டைப் பார்த்தான். முயலைப் புரட்டி அடிவயிற்றைப் பார்த்தான், பாதத்தைப் பார்த்தான், பின்புறத்து மயிரை விரலால் நீக்கிப் பார்த்தான். முயல் வளர்க்கிறவன் அவன். காலொடிந்த முயல் நாலு நாளில் புண்ணாகி, ஈ மொய்த்து, புழு வைத்துப் போவதை எத்தனையோ தடவை பார்த்தவன். இருபத்தோரு நாள் கிடந்த முயலில் ஒரு புண் இல்லை, ஒரு கறை இல்லை. தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது.

வெளியே வந்தபோது அவன் கையில் முயல் இல்லை.

"சாரே, இன்னொரு வரி சேத்துக்கோங்க. மேற்படி முயலை நான் ஏலிக்குட்டிக்குக் கொடுத்துட்டேன்."

"எப்போ?"

"இப்போ. எப்போன்னு எழுதினா என்ன?"

"யாருக்குடா கொடுத்த?" ஏலிக்குட்டி பாய்ந்தாள். "உன் தயவு எவளுக்கு வேணும்? திருடினேன்னு எழுதிட்டேன்ல, திருடியாவே இருந்துட்டுப் போறேன்! உன்கிட்ட இருந்து ஒரு பிடி புல்லுகூட..."

"சேச்சி" என்றான் பிரசன்னன். "நீங்க வாங்கிக்கலைன்னா முயல் அவரோடதான் போகும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஏலிக்குட்டி வாயைத் திறந்தாள். பைலியைச் சொல்ல நாக்கு நுனியில் என்னவெல்லாமோ வந்து முட்டி நின்றது. முற்றம் மொத்தமும் காத்திருந்தது. கபியார் ஒரு எட்டுப் பின்னால்கூட வைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வசவும் வராததில் கூட்டத்துக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஒவ்வொருவராகத் தூக்கை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். பைலி வேலிப் படலைவரைக்கும் போனான். பின்னாலிருந்து ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து நடந்தது அவன் முதுகிலேயே தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. அதுவே அவனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. திரும்பி நின்று, இத்தனை வருடம் அவள் தன்னைத் திட்டிய அதே குரலில் கத்தினான்.

"ஆறு வாரம் முடியாம நீ அதைக் கீழ விட்டதா காதுல விழுந்துச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன், பாத்துக்கோ!"

"சரி, பைலிச்சேட்டா" என்றாள் ஏலிக்குட்டி.

பைலி விறுவிறுவென்று தெருவில் இறங்கினான். படலையைச் சாத்தக்கூட மறந்து போய்விட்டான். அவள் உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் அழுதாள். அதுவும் கோபத்தில்தான், வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.